முகமும் வாலும்

குப்பை வாளியைத் திறந்து பார்த்தாலே போதும், அந்த வீட்டில் நேற்று என்ன நடந்தது என்று கன்னிகாவுக்குத் தெரிந்துவிடும். யாருக்குச் சர்க்கரை வந்திருக்கிறது, யார் டயட் என்று சொல்லிவிட்டுப் பிரியாணி தின்றார்கள், எல்லாம் தெரியும். தெரிந்ததை வெளியே விடமாட்டாள். நாகலாபுரத்திலிருந்து திருப்பதிக்கு வந்து, மலையடிவாரத்தில் எழும்பிய நாலு தெருக் காலனியில் ஒன்பது வருஷமாகக் குப்பை வண்டி தள்ளுகிறாள். ஒரு வீட்டுக் கதை அவள் வாயால் இன்னொரு வீட்டுக்குப் போனதில்லை.

காலனிக்குப் பின்னால் ஓடை. ஓடைப் பாலத்தின் அடியில் ஒரு நரிக் குடும்பம். எலி பிடிக்கும், உதிர்ந்த சீதாப்பழம் தின்னும், ஆள் வாடை அடித்தால் ஓடிவிடும். யாருக்கும் தொல்லையில்லை.

தொல்லையைக் கூப்பிட்டு வந்தவர் கோவர்த்தனன். புத்தூர்ப் பக்கத்துத் தமிழர், ரேணிகுண்டாவில் ரயில்வே வேலை பார்த்து ரிடையரானவர். ஒரு நாள் விடிந்ததும் பால் வாங்கப் போனவருக்கு எதிரே நரி வந்து நின்றது. நரி முகத்தில் முழித்தால் யோகம் என்று நம் பக்கத்தில் நம்புகிறார்கள் அல்லவா? அன்றைக்கே அவர் மகள் தரணிக்கு பேங்கில் வேலை கிடைத்ததாக போன் வந்தது. விடுவாரா மனுஷன்! மறுநாளிலிருந்து பின்சுவர் ஓரமாகக் கோழித் தோலைப் போட்டார். அவரைப் பார்த்துத் தெருவே போட்டது.

காலனிச் சங்கத் தலைவர் பவன்குமார் தெலுங்குக்காரர். அவர்களுக்கு முகம் கணக்கில்லை, நரியின் வாலை மிதித்தால்தான் அதிர்ஷ்டம். "மீகு மூஞ்சி, மாகு தோக்கா! நீங்க முகத்தப் பாருங்க சார், நான் வால மிதிச்சிக்கிறேன்" என்று சிரிப்பார்.

கன்னிகா மட்டும் சொல்லிப் பார்த்தாள். "வேணாண்ணா. எங்க கொல்லையில வேர்க்கல்லச் செடியத் தோண்டித் துன்ன நரிய எல்லாம் பாத்தவ நான். ஆளப் பாத்துப் பயந்துக்கினு இருக்கட்டும். அதான் அதுக்கும் நல்லது, நமக்கும் நல்லது."

யார் கேட்டார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. பவன்குமாரின் நாலு வயது மகள் ஹரிதா கையில் பிஸ்கட்டோடு வாசலில் நின்றாள். நரி நேராக வந்து பிஸ்கட்டைப் பிடுங்கியது. குழந்தை ஓடத் திரும்பியது.

"ஓடாத கண்ணு!"

அடுத்த வாசலில் குப்பை அள்ளிக்கொண்டிருந்த கன்னிகா குறுக்கே பாய்ந்து குழந்தையைத் தன் பின்னால் தள்ளிக்கொண்டாள். நரிக்கு முதுகைக் காட்டவில்லை. கையைத் தலைக்கு மேல் தூக்கி, தகர முறத்தைத் துடைப்பக் கட்டையால் தட்டி, "ஏய், போ!" என்று தெரு அதிரக் கத்தினாள். நரி மிரண்டு பின்வாங்கி ஓடையில் இறங்கியது. சத்தம் கேட்டுப் பவன்குமார் ஓடி வந்தார். அவள் குழந்தையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். "கீறல் தெரியல சார். இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போயிக் காட்டிடுங்க."

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பவன்குமாரிடம் பழைய சிரிப்பு இல்லை. "ஆளுக்குச் சொல்லிட்டேன். கறியில மருந்து வெச்சா ரெண்டு நாள்ல முடிஞ்சிடும்."

"பாலத்துக்கு அடியில மூணு குட்டி இருக்குது சார். கூப்ட்டுத் துன்னக் குடுத்தது நாம, சாவு மட்டும் அதுங்களுக்கா?"

"நாளைக்கு இன்னொரு குழந்தையக் கடிச்சா நீ பதில் சொல்வியா?"

"சொல்றேன். பதினஞ்சு நாளு குடுங்க. பழையபடி ஆளப் பாத்து ஓடலன்னா, வேலைய வுட்டுட்டு நான் ஊரப் பாத்துப் போயிடறேன். அப்புறம் உங்க இஷ்டம்."

சொன்னதோடு நிற்கவில்லை. வீடு வீடாக ஏறினாள். வாளிக்கு மூடி போடு, கறிக் கழிவை என் கையிலேயே குடு, பிள்ளையைத் தனியா விடாதே, நரியைப் பார்த்தால் தட்டைத் தட்டு என்று நச்சரித்தாள். பேங்க் ஆபீசர் சம்சாரம்கூட நைட்டியும் சாம்பார்க் கரண்டியுமாக வாசலில் நின்று தட்டைத் தட்டினாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் நரி தெருப்பக்கம் வரவில்லை.

எட்டாம் நாள், திங்கட்கிழமை, பட்டப்பகலில் வந்து நின்றது.

"அயிபோயிந்தி கன்னிகா, எல்லாம் முடிஞ்சுபோச்சு," என்றார் பவன்குமார். "இன்னும் ஏழு நாள்தான். யாரோ போடறாங்க. உனக்குத் தெரியாம இருக்காது, சொல்லு."

தெரியும். முந்தின நாள் கோவர்த்தனன் வீட்டில் கோழிக்குழம்பு மணந்தது. இன்று அவர் வாளியில் வெங்காயத் தோல் இருந்தது, இஞ்சித் தோல் இருந்தது, ஒரு எலும்புகூட இல்லை. பெயரைச் சொன்னால் அவள் வேலை பிழைக்கும். "எனக்குத் தெரியாது சார்" என்றாள்.

வண்டியை நேரே கோவர்த்தனன் வாசலுக்குத் தள்ளினாள். "இன்னாண்ணா, உங்க வீட்டுக் கோழிக்கு எலும்பே கெடையாதா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தரணிக்கு இது மாசம்மா. தலைப்பிரசவம். இப்பப் போயி நிறுத்தினா..."

கன்னிகா சிரிக்கவில்லை. "அவளுக்கு வேல வந்த அன்னிக்கு நீ தோலு போட்டியா?"

"இல்ல."

"அது பாட்டுக்கு அது போய்க்கினு இருந்துச்சு, நீ பாட்டுக்குப் பால் வாங்கப் போன. அதான் யோகம். இப்ப அது உன் மூஞ்சியப் பாக்க வரலண்ணா, கோழியப் பாக்க வருது. கறியக் காட்டிக் கூப்ட்ற மொகத்துல யோகம் எங்க இருக்குது? விடிஞ்சதும் மாடியில போயி நில்லு. கண்ணுல பட்டா பட்டது. படலன்னா அதுக்கு வேற வேல இருக்குதுன்னு கீழ எறங்கி வந்து காப்பி குடி."

அவருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

அந்த வாரம் இரண்டு முறை நரி தெருமுனைவரை வந்து, தட்டுச் சத்தம் கேட்டுத் திரும்பியது. பதினைந்தாம் நாள் காலை பவன்குமாரே வாசலில் காவல் நின்றார். தெருக்கோடியில் நரி தலையை நீட்டியது. கன்னிகாவின் வண்டிச் சக்கரம் கிறீச்சிட்டதும் சத்தம் வந்த பக்கம் பார்த்தது. முறத்தை அவள் கையில் எடுப்பதற்குள் ஓடையைத் தாண்டிவிட்டது.

"தோக்காவ மிதிக்க விடாம பண்ணிட்டியே," என்று சொல்லிவிட்டுப் பவன்குமார் போனை எடுத்து, மருந்துக்காரனை வர வேண்டாம் என்றார்.

கன்னிகா அடுத்த வீட்டு வாளியைத் திறந்தாள். கோவர்த்தனன் வீடு. பேப்பரில் பத்திரமாக மடித்த எலும்புகள்.

அவர் மாடியிலிருந்து குனிந்து கேட்டார். "நான் அதோட முதுகத்தான் பாத்தேன். இன்னிக்கு யாருக்கும்மா யோகம்?"

"எனக்குத்தாண்ணா," என்றாள் கன்னிகா. "எலும்பு மொகத்துல முழிச்சிருக்கேன் பாரு."