சூடானால் மட்டும் கத்தும் கார்

எங்கள் வெள்ளைக் காருக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்தது. காலையில் வாசலில் கிளப்பும்போது சாதுவாக இருக்கும். ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் ஓடிச் சூடேறிவிட்டால், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் அதன் சத்தம் இறங்காது. கிளட்சை மிதித்தால் இன்னும் உரக்கக் கத்தும். நான் அப்போது நான்காம் வகுப்பு. பேய், பாம்பு, கணக்கு டீச்சர் எல்லாவற்றையும்விட அந்தச் சத்தத்துக்குத்தான் அதிகம் பயந்தேன்.

அது அப்பாவின் கால் உடைந்திருந்த சமயம். கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு கொப்பரைக் களம் இருந்தது. லோடு ஏற்றும்போது லாரியிலிருந்து வழுக்கி விழுந்தவர், தொடைவரைக்கும் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார். அம்மா எப்போதோ டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் லைசென்ஸ் வாங்கி, பட்டுப்புடவைகளுக்கு நடுவே பீரோவில் வைத்திருந்தாள். இப்போது அது வெளியே வந்தது. என்னைப் பொள்ளாச்சிப் பள்ளியில் விட்டுக் கூட்டி வருவதும், களத்துக்குப் போய் வருவதும் அம்மாவின் வேலையாயின. எங்கள் பக்கம் அப்போது கார் ஓட்டும் பெண்கள் குறைவு. டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் கிளாஸை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். அம்மா ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டுவாள்.

முதல்முறை அது கத்தியது ரயில்வே கேட்டில். கேட் போட்டிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு மொபெட். அதன் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு அக்கா. அம்மா பிரேக்கை அழுத்த அழுத்த, கார் அதைக் கேட்காமல் முன்னால் தள்ளிக்கொண்டே போனது. தோளில் கிடந்த குழந்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் பின்சீட்டில் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். மறுபடி திறந்தபோது எங்கள் பம்பருக்கும் மொபெட்டுக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருந்தது. இஞ்சின் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா சாவியைத் திருப்பி அணைத்தாள். அவள் பின்கழுத்தில் வேர்வை வழிவதை நான் பார்த்தேன். கேட் திறந்தபின் கிளப்பினால், ஒன்றுமே நடக்காததுபோல் கார் மெதுவாக முனகியது.

வீட்டில் அப்பா நம்பவில்லை. "பயத்துல நீயே ஆக்சிலேட்டர மிதிச்சிருப்ப" என்றார்.

"மிதிக்கலீங்க. கால எடுத்துப்போட்டுத்தான் இருந்தேன்."

ஒர்க்‌ஷாப் அண்ணன் நல்ல மனிதர், பொறுமையானவரும்கூட. காலையில் கிளப்ப இழுத்துவிடும் சோக்கை உள்ளே தள்ளாமல் ஓட்டியிருப்பீர்கள் என்றார். தள்ளித்தான் இருந்தது என்றாள் அம்மா. இஞ்சின் சும்மா நிற்கும்போது ஓடும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஐடிலிங் ஸ்குரூவை அவர் கொஞ்சம் இறக்கி அனுப்பினார். மறுநாள் காலைக் குளிரில் கார் வாசலிலேயே அணைந்து அணைந்து போனது. சூடானதும் வழக்கம்போலக் கத்தியது. ஸ்குரூவைத் திரும்ப ஏற்றினார். எங்கேயோ காற்று இழுக்கிறது என்று ஒரு ரப்பர் குழாயை மாற்றினார். அப்புறமும் கத்தியது. ஆனால் அவர் கண் முன்னால் மட்டும் அது ஒரு நாளும் கத்தவில்லை. கத்தியதும் அம்மா ஓரங்கட்டி அணைத்துவிடுவாள். படபடப்பு அடங்கி அவள் மறுபடி கிளப்புவதற்குள் இஞ்சின் ஆறியிருக்கும். ஆறிய கார் ஒர்க்‌ஷாப்பில் போய் நல்ல பிள்ளையாக நிற்கும்.

கடைசியில் அவர் வீட்டுக்கே வந்து அப்பாவின் கட்டிலருகே நின்று சொன்னார். "வண்டியில ஒண்ணுமில்லீங்ணா. அக்காதான் இன்னும் கொஞ்சம் பழகோணுமாட்ட இருக்குதுங்க."

அம்மா சமையலறையில்தான் இருந்தாள். அன்றைக்குப் பாத்திரங்கள் கொஞ்சம் அதிகமாகவே சத்தம் போட்டன.

அன்று சாயங்காலம் அப்பா என்னைக் கூப்பிட்டார். "நெசமாலுமே வண்டி கத்துச்சா, கண்ணு?"

"கத்துச்சுங்கப்பா."

"அம்மா கால் எங்க இருந்துச்சு, பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. பின்சீட்டிலிருந்து கால் எப்படித் தெரியும்? பார்க்கவில்லை என்றதும் அவர் என் தலையைத் தடவிவிட்டு, கால் சரியாகிறவரை வண்டியை எடுக்க வேண்டாம், அப்புறம் அதை விற்றுவிடலாம் என்று உள்ளே பார்த்துச் சொன்னார். மறுநாள் காலை அம்மா காரைக் கழுவி, என்னை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள்.

பள்ளிக்கூடம் போகும் வழியில் அது நடக்கவில்லை. திரும்பி வரும்போது, வெயிலில், மாட்டுவண்டி ஒன்று குறுக்கே வந்தபோது நடந்தது. நான் இரண்டு முன்சீட்டுகளுக்கும் நடுவே தலையை நீட்டிக் கீழே பார்த்தேன். அம்மாவின் வலது கால் பிரேக்கின் மேல் இருந்தது. பக்கத்தில் ஆக்சிலேட்டர் மிதி தானாகவே அமுங்கிக் கிடந்தது. அதன்மேல் எந்தக் காலும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத யாரோ ஒருவர் எங்களோடு உட்கார்ந்து அதை மிதித்துக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றியது. வீடு வரும்வரை கால்களைச் சீட்டின்மேல் தூக்கி மடக்கி வைத்துக்கொண்டேன்.

"அம்மா மிதிக்கவே இல்லீங்கப்பா. அதுவா அமுங்கி இருந்துச்சு" என்று அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா சிரிக்கவில்லை. "கட்டுப் பாக்கக் கோயமுத்தூரு ஆஸ்பத்திரிக்கு இதுலயே போலாம். நானே வந்து பாக்கறேன்" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் அம்மா என்னைக் களத்துக்குக் கூட்டிப்போனாள். காயப்போட்டிருந்த தேங்காயை எல்லாம் அள்ளிவிட்டதால் சிமெண்ட் தரை வெறுமையாகக் கிடந்தது. அம்மா அங்கே காரை ஓட்டி, நடுவில் கிளட்சை மிதித்து, ஓடும்போதே சாவியை ஒரு சொடுக்கு மட்டும் திருப்பி இஞ்சினை அணைத்தாள். முழுக்கத் திருப்பினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளுமாம். வண்டி சத்தமில்லாமல் உருண்டுபோய் நிற்கும். மறுபடியும் கிளப்புவாள், மறுபடியும் அணைப்பாள். நான் தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே பயந்தேன்.

கோயமுத்தூருக்குப் போன அன்று அப்பா முன்சீட்டைப் பின்னால் தள்ளிக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவருடைய ஊன்றுகோல்கள் என் மடியில் கிடந்தன. ஒத்தக்கால்மண்டபம் வரை அப்பா கேட்டுக்கொண்டே வந்தார். "எங்க கத்துது? நல்லாத்தான ஓடுது?"

உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் அது கத்தியது.

பஸ் ஒன்று உள்ளே திரும்பிக்கொண்டிருந்தது. அதற்கும் எங்களுக்கும் நடுவே ஜனங்கள் கூட்டமாக ரோட்டைக் கடந்தார்கள். ஒருவர் தலையில் வாழைத்தார். அம்மா காலை எடுத்துவிட்டாள். கார் வேகத்தை விடவில்லை. "பிரேக்கு, பிரேக்கு" என்று அப்பா கத்தினார். அப்பாவின் குரல் அவ்வளவு மெலிதாகப் போய் நான் கேட்டதில்லை. அவர் கை நீண்டுபோய் ஸ்டியரிங்கைப் பிடித்தது.

"கைய எடுங்க" என்றாள் அம்மா.

அவள் அப்பாவை அதட்டி நான் கேட்டதும் அன்றைக்குத்தான். காரைவிட அந்தக் குரல்தான் என்னை நடுங்க வைத்தது. அப்பா கையை எடுத்தார். கிளட்ச், சாவியில் ஒரு சொடுக்கு. சத்தம் அறுந்தது. வாழைத்தார்க்காரர் எங்கள் கண்ணாடிக்கு மிகப் பக்கத்தில் நகர்ந்து போனார். கார் தன் போக்கில் உருண்டு, ஒரு பழக்கடை ஓரமாகப் போய் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் ஊன்றுகோல்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.

அம்மா இறங்கிப் பேனட்டைத் தூக்கினாள். "ஏனுங்க, சூடு ஆறறதுக்குள்ள ஒருக்கா கெளப்புங்க" என்றாள். அப்பா எட்டிச் சாவியைத் திருப்பினார். கார் கத்தியது. கடைக்காரர்கள் கூடினார்கள். கார்புரேட்டரின் பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோல் பாதியில் நின்றிருந்தது. அம்மா ஸ்பேனரின் முனையால் அதைத் தள்ளினாள். டக்கென்று அது திரும்பியது; சத்தம் தணிந்தது. அங்கிருந்து ஆக்சிலேட்டர் மிதிக்குப் போகும் கேபிளைக் கண்ணாலேயே தொடர்ந்து போனாள். கேபிளின் கறுப்பு உறை ஓரிடத்தில் புகைபோக்கிக் குழாயின்மேல் சாய்ந்து, உருகி, பளபளவென்று ஒட்டியிருந்தது. குழாய் சூடானால் உறை இளகி உள்ளே கம்பியைக் கவ்விக்கொள்கிறது, ஆறினால் விட்டுவிடுகிறது.

அப்பா ஒரு கையில் ஊன்றுகோலும் இன்னொரு கையில் என் தோளுமாக வந்து பார்த்தார்.

"அது நான் மாட்டுன கேபிளு" என்றார். காலை உடைத்துக்கொள்வதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஒர்க்‌ஷாப்புக்கு எதற்கு என்று அவரே வீட்டில் மாட்டியது.

"செரி, தள்ளி நில்லுங்க. கையச் சுட்டுப்போடும்" என்றாள் அம்மா. அப்புறம் பழக்கடைப் படியில் உட்கார்ந்தாள். கடைக்காரர் கொடுத்த தண்ணீரை அவளால் சிந்தாமல் குடிக்க முடியவில்லை.

பக்கத்துச் சந்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்து புதுக் கேபிளை மாட்டி, குழாயைத் தொடாதபடி தள்ளிக் கட்டிவிட்டார். அதோடு கார் கத்துவதை நிறுத்தியது. விற்கிற பேச்சை அப்பா எடுக்கவில்லை. மாவுக்கட்டுப் பிரித்து, அவர் நன்றாக நடக்க ஆரம்பித்த பிறகும், கோயமுத்தூர் என்றால் அம்மாதான் ஓட்டினாள்.

ஒரே ஒரு மாற்றம் வந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு முன்சீட்டு கிடையாது என்று அதுவரை சொல்லிவந்த அப்பா, "நீ முன்னால உக்காரு, அம்மணி" என்று கதவைத் திறந்துவிட்டு, தான் பின்னால் ஏறிக்கொண்டார். அப்பா எனக்காக முன்சீட்டையே விட்டுக்கொடுத்துவிட்டார் என்று பள்ளியில் எல்லோரிடமும் சொன்னேன். உக்கடம் நெருங்கும்போதெல்லாம் பின்னாலிருந்து அவர் கை வந்து என் சீட்டின் முதுகை இறுகப் பிடிக்கும். நான் விழுந்துவிடாமல் பிடித்துக்கொள்கிறார் என்று நினைத்து, நானும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள்வேன்.