சத்தம் வராத மேல்மாடி

போன வருஷத்துக்கு முந்தின மழைக்காலம். தாராவியில் தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஸ்கூல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். கீழே தையல் மெஷின்கள், மேலே தகரக் கூரை போட்ட ஒரு மாடி, ஏறுவதற்கு இரும்பு ஏணி. மாடியில் எம்ப்ராய்டரி வேலை செய்துகொண்டிருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போன சமயத்தில், ஒரு பெண்ணும் இரண்டு பையன்களும் வந்தார்கள். கல்லூரி முடித்த வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் மாடி வேண்டும், மியூசிக் பிராக்டீஸுக்கு என்றார்கள். பேச்செல்லாம் ஹிந்தியில். என் தாடியையும் தொப்பியையும் பார்த்து, வடக்கத்தி ஆள் என்று நினைத்திருப்பார்கள். நானும் ஹிந்தியிலேயே பேசி, சரி என்றேன்.

கிளம்பும்போது அந்தப் பெண்ணுக்கு போன் வந்தது. என் முன்னாலேயே எடுத்து, தமிழில், "மாட்டுங்கால ஃப்ரெண்ட் ஆத்துல இருக்கேன்ம்மா. படிச்சிண்டிருக்கோம்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. பெற்ற தாயிடம் இவ்வளவு சரளமாகப் பொய் சொல்கிறவள் என்னிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருப்பாளா? அங்கேயே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்குத் தமிழ் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது, என்னதான் செய்கிறார்கள் பார்ப்போம் என்று இருந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு ஆட்டோவில் பெரிய கறுப்புப் பெட்டிகள் வந்து இறங்கின. எல்லாவற்றிலும் பூட்டு. பின்னாலேயே ஆட்களும் வர ஆரம்பித்தார்கள். விலையுயர்ந்த ஷூ போட்ட ஒருத்தன், அவனுக்குப் பின்னால் ஃபேக்டரி யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் ஒருத்தன். முலுண்டிலிருந்து வந்த அக்கா தங்கை, எங்கள் தாராவிப் பையன்களே நாலைந்து பேர். இவர்களுக்குள் என்ன சம்பந்தம் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

மியூசிக் என்றார்களே, மேலேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பாட்டில்லை, மேளமில்லை. ஆனால் என் தலைக்கு மேலே பலகை மட்டும் தடதடவென்று அதிர்ந்துகொண்டே இருந்தது. கட் பண்ணி வைத்த துணிமேல் தூசி கொட்டியது. ஏணி உச்சியில் எப்போதும் ஒருத்தன் காவல் மாதிரி உட்கார்ந்திருந்தான். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போகிற சாக்கில் நான் ஒரு நாள் ஏறினேன். அவன் உள்ளே திரும்பிக் கையை அசைத்தான், அதிர்வு சட்டென்று நின்றது. நான் இறங்கிய பிறகுதான் மறுபடி ஆரம்பித்தது.

அப்புறம் எனக்குத் தூக்கம் கெட்டது. போதை மருந்தாக இருக்குமோ என்று ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் அந்தப் பெட்டிகள். என்னுடையது மாதிரி பெயர் உள்ளவனின் மாடியில் பூட்டிய பெட்டியும் சுருள் சுருளாக வயரும் இருந்தால், நாளைக்கு ஏதாவது என்றால் முதலில் யாரைக் கூட்டிக்கொண்டு போவார்கள்? வீட்டில் சொன்னபோது என் மனைவி, "சந்தேகமா இருந்தா ஏறிப் போயி கேளுங்களேன். கீழ இருந்து கூரையப் பாத்துட்டே இருந்தா தெரிஞ்சிருமா?" என்றாள். அவள் சொன்னது சரிதான். ஆனாலும் கேட்டு, உண்மையிலேயே ஏதாவது இருந்துவிட்டால் என்ன செய்வது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

ஒரு ஞாயிறு மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. எதிரில் அட்டைப்பெட்டிக் கடை வைத்திருக்கும் மராட்டிக்காரர் வந்து, "பாய், சத்தமே இல்லாமல் என்ன மியூசிக்? நான் போலீஸில் சொல்லிவிட்டேன், உங்கள் நல்லதுக்குத்தான்" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டுப் போனார். போலீஸ் வருவதற்குள் இவர்களை அனுப்பிவிட வேண்டும் என்று ஏணியில் ஏறினேன். காவலுக்கு இருந்த பையனைத் தாண்டி உள்ளே போய் நின்றேன்.

முப்பது பேர் இருப்பார்கள். எல்லோர் காதிலும் ஹெட்போன், அதில் நீல வெளிச்சம். அந்த நிசப்தத்தில் கண்ணை மூடிக்கொண்டு எல்லோரும் ஒரே தாளத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் பெட்டிகள் திறந்து கிடந்தன. உள்ளே லேப்டாப், பொத்தான்கள் நிறைந்த இரண்டு மெஷின், நிறைய ஹெட்போன். அவ்வளவுதான்.

என்னைப் பார்த்ததும் ஒவ்வொருவராக நின்றார்கள். அந்தப் பெண் முன்னால் வந்தாள். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"ஃப்ரெண்டு வீட்ல படிக்கேன்னு அம்மாட்ட சொல்லிட்டு, இங்கன என்னம்மா பண்ணுதீங்க?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. "நீங்க தமிழா?" என்றாள். பிறகு, "நீங்க முதல் நாள்லேர்ந்தே எங்களை நோட்டம் பார்த்துண்டே இருந்தேள். போலீஸ்ல சொல்லிடுவேளோன்னு பயந்துதான் பெட்டியைப் பூட்டி, ஆளை உட்கார வச்சோம்" என்றாள்.

யூனிஃபார்ம் போட்டிருந்த பையன் அம்பர்நாத்தில் ஒரு ஃபேக்டரியில் வேலை பார்க்கிறவன். ஷிஃப்ட் முடிந்து வீட்டில் உட்கார்ந்து அந்த இசையைச் செய்கிறவனே அவன்தானாம். டெக்னோ என்று பேர். கிளப்பில் அவர்களில் பல பேரை உள்ளே விடுவதில்லை. செருப்பைப் பார்ப்பார்கள், ஆதார் கார்டில் விலாசத்தைப் பார்ப்பார்கள். பில்டிங் மாடியில் போட்டால் அக்கம்பக்கத்தில் சண்டைக்கு வருவார்கள். அதனால்தான் யாருக்கும் தொந்தரவில்லாமல் ஹெட்போன். இந்த இசையில் வார்த்தையே கிடையாது, அதனால் இது எங்கள் யாருடைய பாஷையும் இல்லை, எல்லோருக்கும் பொது என்றான் ஹிந்தியில். ஒரு ஹெட்போனை என்னிடம் கொடுத்தான். மாட்டினேன். ஒரே அடி திரும்பத் திரும்ப நெஞ்சில் இடித்தது. பாட்டு என்றே எனக்குத் தோன்றவில்லை. கழற்றிக் கொடுப்பதற்குள் கீழே பூட்ஸ் சத்தம் கேட்டது.

இரண்டு போலீஸ்காரர்கள் ஏறி வந்தார்கள். பெட்டிகளைக் கிளறினார்கள், பைகளைப் பார்த்தார்கள். தப்பாக ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் பெரியவர் என் பக்கம் திரும்பினார். எங்கெங்கோ இருக்கும் பெண்பிள்ளைகள் உன் மாடிக்கு எதற்கு வருகிறார்கள், வீட்டில் தெரியுமா, யார் கூட்டி வந்தது என்று கேட்டார். மியூசிக் பிராக்டீஸுக்கு என்றேன். ஸ்டேஷனுக்கு வந்து சொல் என்றார்.

பின் ஜன்னல் வழியாகப் பக்கத்துக் கூரைக்குத் தாவிவிடலாம். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். இப்போது ஓடப்போகிறார்கள், நான் மட்டும் நிற்கப்போகிறேன் என்றுதான் நினைத்தேன். ஒருவரும் நகரவில்லை. அம்பர்நாத் பையன் தன் கார்டை எடுத்து நீட்டினான். பிறகு ஒவ்வொருவராக நீட்டினார்கள். அந்தப் பெண் போனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, கத்தாமக் கேளு. நான் ஃப்ரெண்ட் ஆத்துல இல்லை. தாராவில ஒரு பாயோட பட்டறை மாடில இருக்கேன். போலீஸ் வந்திருக்கா. அவர் மேல ஒரு தப்பும் இல்லை. நீ வந்து சொல்லணும்."

அந்தப் பக்கத்திலிருந்து, "எங்கேன்னு சரியாச் சொல்லு" என்று மட்டும் கேட்டது.

டாக்ஸியில் வந்து இறங்கினார் அந்த அம்மா. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஈரக் குடையோடு ஏணியில் ஏறினார். முதலில் என்னைத்தான் மேலிருந்து கீழ் வரை பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். ஆனால் அதே பார்வையைத்தான் நான் இத்தனை நாளாக அவர் மகள் மேல் வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அவர் மகளிடம் கையை நீட்டினார். அவள் ஹெட்போனைக் கொடுத்தாள். காதில் வைத்து, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார்.

"இதுக்காடீ பொய் சொன்னே?"

"சொன்னா விட்டிருப்பியா?"

அம்மா குடையைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். போலீஸ்காரர் பக்கம் திரும்பி, நல்ல மராத்தியில், இது என் பெண், இவர்கள் அவள் சினேகிதர்கள், நான் வந்துவிட்டேன், இந்த மனுஷருக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை என்று நிதானமாகச் சொன்னார். மாடியை யாருக்கு விட்டாலும் போலீஸ் சௌக்கியில் தெரிவிக்க வேண்டும் என்று என்னை எச்சரித்துவிட்டு அவர்கள் இறங்கிப் போனார்கள்.

கீழே டீ வரவழைத்துக் கொடுத்தேன். அந்த அம்மா மெஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, என் ஊரைக் கேட்டார். தென்காசிப் பக்கம் என்றேன். "அன்னிக்கே நீங்க அவகிட்ட ஒரு வார்த்தை தமிழ்ல பேசியிருந்தேள்னா, உங்களுக்குப் புரிஞ்சுடுத்துன்னு அவ அப்பவே என்கிட்ட உண்மையைச் சொல்லியிருப்பா, எனக்கும் இந்தப் பயம் இருந்திருக்காது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு டீ இறங்கவில்லை.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார்கள். பெட்டிகளில் பூட்டு இல்லை. அந்த இசை எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை. அவர்களிடமும் அதைச் சொல்லிவிட்டேன், சிரிக்கிறார்கள். புது ஆளைப் பார்த்தால் என் மனசு இன்னமும் முதலில் தப்பாகத்தான் நினைக்கிறது. அப்போதெல்லாம், ஓட வழியிருந்தும் எனக்காக ஓடாமல் நின்ற அந்த முப்பது பேரை நினைத்துக்கொண்டு, வாயைத் திறந்து நேராகக் கேட்டுவிடுகிறேன்.