மலைக்குப் போய்வந்த மெத்தை

என் ஓரகத்தி பொய் சொல்கிறாள். இதை நயமாகச் சொல்ல எனக்குத் தெரியாது, அதனால் இப்படியே எழுதுகிறேன். என் கணவரின் அண்ணன் மனைவி அவள். துரைசானியின் வண்டிக் கட்டிலுக்கு மேல்மெத்தை தைத்தது தான்தான் என்று வருஷக்கணக்காக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். தைத்தது நான். இதை எழுதும்போது என் மடியில் ஒரு சாண் அகலத்துக்கு ஒரு துண்டு கிடக்கிறது. சிவப்புக் கோடு போட்ட கெட்டித் துணி, உள்ளே இலவம் பஞ்சு. அந்த மெத்தையை வெட்டியபோது அளவு போக மிஞ்சியது இது. ஓரங்களை மடித்துத் தைத்துத் தலையணையாக்கிக்கொண்டேன். மெத்தை நீலகிரி மலைக்குப் போய் வந்தது. துண்டு என்னோடு கொரட்டூரிலேயே கிடந்தது.

அப்போது கொரட்டூர் ஏரிக்கரையில் ஒரு பங்களா இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு துரையும் துரைசானியும் அதில் இருந்தார்கள். என் ஓரகத்தி உள்ளே ஆயா. நான் கொல்லைப்புறத்தில் பாத்திரம் தேய்ப்பவள். அவள் துரைசானியின் தலையை வாருவாள், நான் அந்த அம்மாள் சாப்பிட்ட தட்டைக் கழுவுவேன். ஒரே வீட்டு மருமகள்கள் இரண்டு பேருக்கு அந்தப் பங்களாவில் கிடைத்த இடம் இப்படி. துரைக்கு ஊர் சுற்றும் ஆசை. ஒரு லாரியை வாங்கி, அதன்மேல் மரத்தில் வீடு மாதிரி கட்டினார். ஜன்னல், திரைச்சீலை, அடுப்பு எல்லாம் உண்டு. இரண்டு பக்கமும் பலகைக் கட்டில், பகலில் அதுவே உட்காரும் இடம். எங்கள் தெருவில் அதற்கு 'ஓடுற ஊடு' என்று பெயர். கட்டில் பலகைமேல் தேங்காய்நார் அடைத்த திண்டு ஒன்றை ஆணியடித்து இறுக்கியிருந்தார்கள். முதல் தடவை ஸ்ரீபெரும்புதூர் வரை போய்வந்த துரைசானி இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

திண்டைப் பெயர்க்க துரை சம்மதிக்கவில்லை. ஆகவே அதன் மேலே போட மெத்தென்று ஒன்று வேண்டும் என்று பேச்சு வந்தது. கம்பளியை மடித்துப் போட்டார்கள். நம் ஊர் வெயிலில் அந்த அம்மாள் வியர்வையில் நனைந்து எழுந்தார். என் ஓரகத்தி ஒரு யோசனை சொன்னாள், வைக்கோல் மெத்தை. அதில் படுத்தவருக்கு முதுகெல்லாம் தடிப்பு. "மாடு படுக்குதே, அதுக்கு இன்னா அரிக்கவா செய்யுது?" என்று சமையல்கட்டில் வந்து என்னிடமே கேட்டாள். பிறகு பூந்தமல்லிக் கடைத்தெருவில் வாங்கிய பருத்தி மெத்தை. குமணன்சாவடியைத் தாண்டுவதற்குள் வண்டி குலுங்கின குலுக்கலில் பஞ்சு முழுவதும் கால்பக்கம் போய்க் குவிந்துவிட்டது. துரைசானி அழாத குறை. தனக்குத் தெரிந்த தமிழில், சிரித்துக்கொண்டே ஒருநாள் சொன்னார்: "யார் என் முதுகு சரி பண்ணுது, அவள் மலைக்கு வரணும் என்னோட."

விளையாட்டாகத்தான் சொன்னார். நாங்கள் இருவரும் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கோடைக்கு அவர்கள் நீலகிரிக்குப் போகப்போகிறார்கள், துணைக்கு ஒரு பெண் வேண்டும். அங்கே மேகம் நம் காலுக்குக் கீழே போகும் என்று பங்களா பட்லர் சொல்லியிருந்தார். நான் அதுவரை செம்பரம்பாக்கத்தில் பிறந்து கொரட்டூருக்கு வாழ வந்தவள், அவ்வளவுதான். மேகத்தைக் குனிந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்தது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன்.

வண்டியில் ஓடும் மெத்தை எனக்குத் தெரியும். என் அம்மா நோயில் கிடந்தபோது மாட்டுவண்டியில் மெத்தை போட்டுப் பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பாதி வழியில் பஞ்சு ஒதுங்கி, வெறும் பலகையில் முதுகு இடிபட்டுக்கொண்டுதான் அவள் போய்ச் சேர்ந்தாள். அவளைத் திரும்பக் கூட்டி வரும்முன் அப்பா அந்த மெத்தையில் நாலு விரலுக்கு ஒரு முடிச்சு, மேலும் கீழும் சேர்த்து இழுத்துப் போட்டார். அப்புறம் பஞ்சு அசையவில்லை. அதே வேலையை நான் செய்தேன். பருத்தி வேண்டாம், வியர்வை பட்டால் கட்டிதட்டும். இலவம் பஞ்சுதான். ஆனால் புதுக்காய் வெடிக்கக் காத்திருந்தால் வண்டி கிளம்பிவிடும். ஆகவே என் கல்யாணச் சீர் மெத்தையை எடுத்தேன். அப்பா தன் மரத்துப் பஞ்சைத் தானே கொட்டை நீக்கி அடைத்துக் கொடுத்தது.

பஞ்சு பறந்தால் குழந்தைக்கு மூச்சு முட்டும் என்று அடுத்த தெருவில் இருந்த என் ஓரகத்தி வீட்டு உள்ளறையில் வைத்துத்தான் வெட்டினேன். அவள் நிலைப்படியில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தாள்.

"இன்னாமே, கண்ணாலத்து மெத்தைய எவளாச்சும் அறுப்பாளா? என் கொழுந்தனை எதுல படுக்க வெப்ப?"

"பாய்ல படுப்பாரு."

"நீ?"

"நான் மலையில படுப்பேன்க்கா."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். மெத்தையை வெயிலில் போட்டு உப்ப வைத்தேன். பகலில் மடித்து உட்கார வசதியாக மூன்று மடிப்பாகப் பிரித்தேன். கட்டிலுக்கு மேலே சாமான் வைக்கும் பலகை இருந்தது, அது தலையில் இடிக்காதபடி மெத்தையின் கனத்தைக் குறைத்தேன். அவள் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். நூல் கோத்தது அவள்.

தைத்து முடித்தபோது என் குழந்தைக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை கட்டியாயிற்று. அம்மை வீட்டுக்காரி இன்னொரு வீட்டுப் படி ஏறக் கூடாது. மெத்தை என் ஓரகத்தி வீட்டில். அவள் தெருவிலேயே நின்று குரல் கொடுத்தாள்: "நீ புள்ளையப் பாரும்மே. நான் எடுத்துகினு போயி உம்பேரச் சொல்லிக் குடுத்துர்றேன்." துரைசானி அதில் படுத்துப் பார்த்துவிட்டு, "யார் செஞ்சது? நீயா?" என்று கேட்டாராம். "ஆமாம்மா, நான்தான்" என்றாளாம். அப்போது காப்பித் தட்டோடு பக்கத்தில் நின்ற பட்லர் பிறகு என்னிடம் சொன்னது இது. அந்த ஒரு சொல்லில் அவள் மலைக்குப் போனாள். குழந்தைக்கு வேப்பிலையால் விசிறிக்கொண்டு நான் வாசலில் உட்கார்ந்திருந்தபோது வண்டி எங்கள் தெருமுனையில் போயிற்று. பின் ஜன்னலில் திரையை விலக்கி அவள் கை ஆட்டினாள். எனக்கு ஆட்டினாளா, தெருவுக்கு ஆட்டினாளா, தெரியவில்லை.

திரும்பி வந்தவள் துரைசானி கொடுத்த கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு அம்பத்தூர் சந்தைக்குப் போனாள். கொளுத்துகிற வெயிலில், கழுத்தெல்லாம் வேர்வை வழிய. "கழட்டேன் அக்கா, வெந்துறப் போற" என்று கீரைக்காரி சொன்னதற்கு, "பழகிடுச்சுடி, மலையிலேர்ந்து வந்தவளுக்கு இது இல்லாம முடியல" என்றாள். கிணற்றடியில் பெண்கள் கூடினால் மலைக்கதைதான். நான் குடத்தோடு போனால் பேச்சு நின்றுவிடும். ஒரே ஒரு தடவை வெட்கத்தை விட்டு நானே கேட்டேன். "மலை எப்பிடிக்கா இருந்துச்சு?" அவள் கயிற்றை இழுத்துக்கொண்டே, "குளிரு" என்றாள். என் பங்குக்கு வந்த மலை அந்த ஒரு சொல்தான்.

கெட்டவள் என்று சொல்லிவிட்டால் எனக்கு வேலை சுலபம். என் இரண்டாவது பிரசவத்தில் பத்தியம் சமைத்துப் போட்டவள் அவள்தான். என் பிள்ளைகள் என்னைவிட அவளிடம்தான் ஒட்டிக்கொள்ளும். அவள் சிரித்தால் எதிரில் இருப்பவர்களும் சிரிப்பார்கள். அந்த மாதிரி முகம். எனக்கு அப்படி ஒரு முகம் இல்லை. துரைசானி அன்று என்னையும் அவளையும் சேர்த்து நிறுத்திக் கேட்டிருந்தாலும் அவளைத்தான் நம்பியிருப்பார் என்று சில நாள் தோன்றும். அப்படித் தோன்றும் நாளில் எனக்குச் சோறு இறங்காது.

யுத்தம் வந்தது. அந்த லாரியைப் பட்டாளத்துக்கு எடுத்துக்கொண்டு ஆவடிப் பக்கம் ஓட்டிப் போனார்கள். யுத்தம் முடிந்ததும் துரையும் துரைசானியும் சீமைக்குக் கப்பலேறினார்கள். போகும்போது மெத்தையை என் ஓரகத்தியிடம் கொடுத்துவிட்டுப் போனார் அந்த அம்மாள். வேறு யாரிடம் கொடுப்பார்? அதுகூடப் பொறுத்தேன். அன்று அம்மை போட்டுக் கிடந்த என் மகளுக்கு இப்போது கல்யாணம். நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தி வீட்டார் நடுவில் என் ஓரகத்தி எழுந்து சொன்னாள்: "பெரியம்மா சீரு இன்னா தெரியுமா? மெத்தை. என் கையால தெச்சது. துரைசானியே படுத்துகினு மலைக்குப் போன மெத்தை." எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். என் மகள் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நான் வெற்றிலைத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். என் அப்பா எனக்குச் சீராகக் கொடுத்த பஞ்சு, என் மகளுக்கு அவள் கொடுக்கும் சீராக வருகிறது.

நான் இதை எழுதி அனுப்பும் வாரப் பத்திரிகை அவள் வீட்டுக்கும் போகிறது. அவள் மகன் படித்துக் காட்டுவான். முகூர்த்தம் முடிந்ததும் யார் என்ன சீர் வைத்தார்கள் என்று சபையில் உரக்கச் சொல்வது எங்கள் வழக்கம். அவள் சீரைச் சொல்லும்போது அவள் எழுந்து நிற்க வேண்டும். பஞ்சு யார் வீட்டு மரத்துப் பஞ்சு, முடிச்சுப் போட்ட கை யார் கை, இரண்டையும் சம்பந்திகள் காது கேட்கச் சொல்ல வேண்டும். என் மடியில் கிடக்கும் துண்டைக் கொண்டுவந்து பொருத்திக் காட்ட மாட்டேன். நிரூபிக்க இது கோர்ட்டு வழக்கு இல்லை. அவள் வாயால் வர வேண்டும்.

அதோடு விட மாட்டேன், அக்கா. இன்னொன்றுக்கும் அதே சபையில் பதில் சொல். குளிரு என்று சொன்னது போதாது. மேகம் காலுக்குக் கீழே போயிற்றா, இல்லையா? என் முகத்தைப் பார்த்துச் சொல்.