மகள் தெரிவு செய்த பெயர்

உறுதிபூசுதல் என்ற திருச்சடங்குக்கு ஒரு புனிதரின் பெயரைத் தெரிவு செய்யும்படி, நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் ஸ்காபரோவில் எங்கள் பங்குக் கோவிலில் சொல்லியிருந்தார்கள். என் மகள் ஆக்னஸைத் தெரிவு செய்தாள். ஆதிக்காலத்தில் உரோமையில், விசுவாசத்துக்காகப் பதின்மூன்று வயதில் கொல்லப்பட்ட சிறுமி. மகளுக்கும் அதே வயது. காரை ஓட்டிக்கொண்டிருந்த நான் வேகத்தைக் குறைத்தேன்.

"வேண்டாம் பிள்ளை. வயசாகிச் செத்த ஒரு புனிதையைப் பார்."

ஊரில், போர்க்காலத்தில், என் தங்கை அந்த வயதில்தான் இயக்கத்தில் சேர்ந்து சண்டைக்குப் போனாள். திரும்பி வரவில்லை. ஊரே அவளைத் தியாகி என்றது. நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன்.

மகள் சிரித்தாள். "அப்பா, அவ செத்ததுக்காக இல்லை. கலியாணம் கட்டு, வேற சாமியைக் கும்பிடு எண்டு பெரிய ஆக்கள் எல்லாரும் ஃபோர்ஸ் பண்ணேக்கை, அவ நோ சொன்னா. அதுதான் எனக்குப் பிடிச்சது."



உறுதிபூசுதல் அன்று கோவிலில் ஆயர் நெற்றியில் எண்ணெய் பூசி மகளை "ஆக்னஸ்" என்று அழைத்தபோது எல்லோரும் படம் எடுத்தார்கள். நான் தங்கையை நினைத்துக்கொண்டு நின்றேன். அவள் விரும்பித்தான் போனாளா? மாட்டேன் என்று சொல்ல முடியாமல் போனாளா? எனக்கு இன்னும் விளங்கவில்லை. தியாகி என்று சொன்ன பிறகு யாரும் அதைக் கேட்பதில்லை.