முருகன் கணக்கில் எழுதப்பட்ட முடி

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு பெண் நாள் முழுக்கத் தலையில் துண்டு கட்டிக்கொண்டு இருந்தாலும் ஏன் என்று யாரும் கேட்காத இடம் சுக்குக் கிடங்கு. தூசி அப்படி. யூதர் தெருவான ஜூ டவுனை ஒட்டிய அந்தப் பழைய கட்டடத்தில் சுக்கைப் புடைத்துத் தரம் பிரிக்கும் பெண்கள் எல்லாருமே புருவம்வரை துண்டைச் சுற்றியிருப்பார்கள். வீரலட்சுமி அந்த வேலையைத் தேடிப் போனது துண்டுக்காகத்தான். அதற்கு முன் ஓர் ஓட்டலில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள். கூலி அங்கேதான் அதிகம். “சோத்துல முடி கெடந்தாலும் திட்டுவாங்க, தலையில முடி இல்லேன்னாலும் திட்டுவாங்க. என்ன ஓட்டலோ!” என்று சொல்லிவிட்டு வந்தவள்.

உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. கணவன் முத்துவேல் எர்ணாகுளத்து அடுக்குமாடிகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். அவர்களோடு மாமியார் ஒச்சம்மாளும் ஏழு வயது மகள் மகாவும். ஒரே அறை, பாதி அறையைக் கட்டில் அடைத்திருக்கும்.

முதலில் காதுக்கு மேலே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெற்றிடம் வந்தது. புழுவெட்டு என்றார்கள். ஓராண்டுக்குள் தலை முழுக்க உதிர்ந்து, புருவமும் இமை மயிரும்கூடப் போயின. எந்தப் புழுவும் எதையும் வெட்டவில்லை. உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே ஆள் அடையாளம் தெரியாமல் முடியின் வேரைப் பகையென்று எண்ணித் தாக்குகிற நோய் அது. பாவம் அல்ல, சாபம் அல்ல, தொற்றும் அல்ல. இவ்வளவையும் அவளுக்குச் சொல்ல அந்தத் தெருவில் ஓர் ஆள் இல்லை. சின்ன வெங்காயம் தேய்க்கச் சொல்ல மட்டும் தெருவே இருந்தது. ஆணுக்கு முடி போனால் வழுக்கை என்று சிரித்து விட்டுவிடுகிறார்கள். பெண்ணுக்குப் போனால் அவள் என்ன செய்தாள் என்று விசாரிக்கிறார்கள். நாத்தனார் கல்யாணத்தில் ஆரத்தித் தட்டை அவள் கையிலிருந்து ஒருத்தி நாசூக்காக வாங்கிக்கொண்டு போனாள்.

கிடங்கு வாசலில் சாயாக்கடை வைத்திருக்கும் ராசப்பன் சேட்டன் கெட்டவர் அல்ல. ஒரு நாள் துண்டு நழுவியபோது பார்த்துவிட்டார். “எந்தா பெங்ஙளே, பழனிக்குப் போயோ?” என்றார், தங்கச்சியைக் கேட்பதுபோல. தமிழச்சி மொட்டையாக இருந்தால் மலையாளிக்குத் தோன்றுவது பழனிதான். “ஆமா சேட்டா” என்றாள். அந்தப் பொய் வசதியாக இருந்தது. அதன்பின் கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னாள்.

வீட்டில் ஒச்சம்மாள் உண்மையாகவே பழனிக்கு நேர்ந்துகொண்டாள். “முடியக் குடு முருகா, மொத முடிய உனக்கே எறக்கிடறேன்.” நேர்ந்தது மாமியார், இறக்க வேண்டியது மருமகள் தலைமுடியை.

அரசு ஆஸ்பத்திரியில் தலையில் போட்ட ஊசிகளுக்கு முடி துளிர்த்துத் துளிர்த்து உதிர்ந்தது. அங்கிருந்துதான் ஒருவர் அவளை எர்ணாகுளத்துத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அனுப்பினார். அங்கே ஒரு மருந்துக் கம்பெனிக்காக இந்த நோய்க்கு ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. டாக்டர் ஸுப்ரியா பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பெண். எதையும் மறைக்காமல் சொன்னார்.

“கேட்டேளா வீரலட்சுமி, சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. ரத்தம் எடுத்துண்டே இருப்போம். முடி வந்தா வெட்டக்கூடாது, சாயம் போடக்கூடாது, மழிக்கக்கூடாது. போட்டோ எடுத்துத்தான் கணக்கு.”

“வந்தாத்தானே டாக்டரம்மா வெட்டறதுக்கு” என்றாள்.

வீட்டில் சொல்லவில்லை. ஏழைகளைப் பிடித்துச் சோதனை எலியாக்குகிறார்கள் என்று முத்துவேலின் கைபேசியில் நாளுக்கொரு வீடியோ வரும். அதில் பொய்யும் உண்டு, நடந்ததும் உண்டு. ஆகவே மாத்திரையைச் சத்து மாத்திரை என்றாள். படகேறி எர்ணாகுளம் போகும் நாட்களில் ரத்தசோகைக்குப் போவதாகச் சொன்னாள்.

புருவம்தான் முதலில் வந்தது. மகா அதை விரலால் தொட்டு, “அம்மா, மீசை மாதிரி இருக்கு” என்றாள். பிறகு தலை கறுத்தது. மெலிசாக, பூனை மயிர் மாதிரி வந்தது, நாளாக நாளாகத் தடித்தது. ஆண்டு முடிவதற்குள் ஒரு சிறு கொண்டை ஊசி நிற்கும் அளவுக்கு ஆனது. முதல்முறையாக ஊசி குத்திய அன்று துண்டில்லாமல் சாயாக்கடைக்குப் போனாள். ராசப்பன் சேட்டன் எழுந்து நின்று, “அம்மே! ஆளு மாறிப் போயல்லோ!” என்று கூவி, காசு வாங்காமல் நேந்திரம்பழப் பழம்பொரி ஒன்று கொடுத்தார்.

அதே வாரம் டாக்டர் ஸுப்ரியா இன்னொரு நல்ல சேதி சொன்னார். முதல் கட்டம் முடிகிறது. முடி வந்தவர்களுக்கு இரண்டாம் கட்டத்தில் மாத்திரை தொடர்ந்து இலவசம். பங்குனி கழிந்ததும் கடைசிப் போட்டோ. “நிறுத்தினா உதிர்ந்துடும், அதை மட்டும் மறக்காதேள்.”

வீட்டில் ஒச்சம்மாள் பங்குனி உத்திரத்துக்குப் பழனி போக நாள் குறித்திருந்தாள்.

வீரலட்சுமி அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். ஆராய்ச்சி, மாத்திரை, போட்டோ, எதையும் விடவில்லை. முத்துவேல் விரலில் காய்ந்த பெயின்டைச் சுரண்டிக்கொண்டே கேட்டான். ஒச்சம்மாள் வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள்.

“மாத்திரையில வந்துச்சுங்கிற.”

“ஆமா அத்தை.”

“அந்த மாத்திரைக்குள்ள இருந்து குடுத்தது யாரு?”

ரத்தம் கொடுத்து, மாவா மருந்தா என்று தெரியாமல் விழுங்கி, முடியும் வந்தபின், புகழை எவன் தட்டிக்கொண்டு போகிறான் பாருங்கள். கடவுளுக்கு இந்த ஏற்பாட்டில் நட்டமே கிடையாது. வந்தால் அவன் கொடுத்தது. வராவிட்டால் இவள் செய்த குறை.

“அவனுக்குச் சொன்னத அவனுக்குக் குடுத்துரு. முடிதானே? திரும்ப முளைக்கும்” என்றான் முத்துவேல். அவனை மடையன் என்று சொல்லிவிட முடியாது. அவன் அறிந்த எல்லாத் தலையிலும் மழித்த முடி திரும்ப முளைத்துத்தான் இருக்கிறது.

“போட்டோ முடியட்டும், அப்புறம் போவோம்” என்று அவள் பிடிவாதமாக நின்றாள். நின்றிருப்பாள். அதற்குள் மகாவுக்குக் காய்ச்சல் வந்தது. மட்டாஞ்சேரிக் கொசுவுக்கு நேர்த்திக்கடன் எதுவும் தெரியாது. அந்தத் தெருவில் பாதி வீட்டில் அப்போது காய்ச்சல். ஆனால் குழந்தை வெந்நீராகக் கொதித்துப் பிதற்றும்போது பக்கத்து வீட்டுக் காய்ச்சலை யார் எண்ணிப் பார்க்கிறார்கள்? ஒச்சம்மாள் திட்டவில்லை. குழந்தையின் காலைப் பிடித்தபடி மூலையில் உட்கார்ந்து அழுதாள். “கெழவி நேந்ததுக்கு என்னை எடுத்துக்க முருகா, பச்சப் புள்ளைய விட்டுரு.” திட்டியிருந்தால் வீரலட்சுமி எதிர்த்துப் பேசியிருப்பாள். அந்த அழுகையில்தான் அவள் உடைந்தாள். யாரும் அவளைக் கட்டி இழுத்துக்கொண்டு போகவில்லை. காய்ச்சல் இறங்கியதும் அவளே துணி எடுத்து வைத்தாள்.

முடி இறக்கும் கூடத்தில் தண்ணீர் தெளித்துத் தலையைக் குனியவைத்தவர், “என்னம்மா, போன வருசந்தான் குடுத்தாப்ல இருக்கு? அதுக்குள்ள மறுபடியுமா?” என்றார். “கொடுத்துவச்சவ.” கத்தி நெற்றியிலிருந்து பின்னுக்குப் போனது. ஒரு சாண்கூட வராத முடி. விழுந்ததை ஒருவர் கூட்டி அள்ளித் தொட்டியில் போட்டார். மலையிறங்கும்போது ஒச்சம்மாளின் முகத்தில் பல வருடத்துப் பாரம் இறங்கியிருந்தது. அதைப் பார்க்கக்கூட வீரலட்சுமிக்குப் பாவமாக இருந்தது.

டாக்டர் ஸுப்ரியா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “எந்தா இது? எந்தா இது வீரலட்சுமி?”

சொன்னாள்.

“ஒரு வாரம்... ஒரே ஒரு வாரம் பொறுக்கப்படாதா?”

“புள்ளைக்குக் காய்ச்சல் டாக்டரம்மா.”

டாக்டர் கம்பெனிக்கு எழுதினார். இந்த நோயாளிக்கு மருந்து பலித்தது, முந்தைய படங்களே சாட்சி, முடி வளரும்வரை ஒரு மாதம் பொறுங்கள் என்று. பதில் வந்தது. மழித்த தலையை அளக்க வழியில்லை, விதி மீறல், இரண்டாம் கட்டத்தில் சேர்க்க இயலாது. அவளுடைய முந்தைய படங்களும் ரத்தமும் அவர்களுக்கு வேண்டும், அவள் வேண்டாம். தாங்களாகவே விலகியவர்கள் என்ற வரிசையில் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள்.

“நான் சொல்லிப் பார்த்தேன். அவா ஒத்துக்கலை” என்றார் டாக்டர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“கடையில கெடைக்குமா?”

விலையைச் சொன்னார். ஒரு மாத மாத்திரைக்கு வீரலட்சுமியின் பல மாதக் கூலி. பழனியில் கேட்டது ஒருமுறை கொடு என்று. இங்கே கேட்பது மாதாமாதம் கொடு என்று. இரண்டு இடத்திலும் வாங்கிக்கொள்கிற கைகளுக்கு அவள் பெயர் தெரியாது.

மழித்த தலையில் முள் முள்ளாக முடி முளைத்தது. ஒச்சம்மாள் தடவிப் பார்த்து மகிழ்ந்தாள். மழை தொடங்கும்போது அது துண்டோடு ஒட்டிக்கொண்டு வரத் தொடங்கியது. பிறகு புருவம். மகா இந்த முறை தொட்டுப் பார்க்கவில்லை.

“நீ நம்பிக்கையில்லாம எறக்குன. அதான் குறை” என்றாள் ஒச்சம்மாள். கோபமாக அல்ல, ஒரு வைத்தியர் நோயின் பெயரைச் சொல்வதைப்போல. அடுத்த ஆண்டுக்கு மறுபடியும் நேர்ந்துகொண்டாள். வீரலட்சுமி தடுக்கவில்லை. இறக்க ஒன்றும் இருக்கப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலை கிடங்கு வாசலில் சாயாவுக்கு நின்றபோது காற்றில் துண்டு நழுவியது. ராசப்பன் சேட்டன் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

“ஓ! பழனிக்குப் போயோ?”

இத்தனை காலம் பொய்யாகச் சொன்ன ‘ஆமா’ இப்போது மெய். அது மட்டும் வாயில் வரவில்லை. துண்டைப் புருவம் இருந்த இடம்வரை இழுத்து இறுக்கிக் கட்டினாள்.

“சாயா குடுங்க சேட்டா” என்றாள். “சுக்கு வண்டி வந்துருச்சு.”