டீச்சர் எழுதிய இங்கிலீஷ் சொல்

நான்காம் ஆண்டு இரண்டாம் தவணைத் தேர்ச்சி அறிக்கையில், புள்ளிகளுக்குக் கீழே, வகுப்பு டீச்சர் இங்கிலீஷில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்: அக்ரெசிவ். எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டேன், பொருள் தெரியவில்லை. நல்ல சொல்லாக இருக்காது என்று மட்டும் பட்டது. முந்திய வாரம்தான் பக்கத்து வாங்கில் இருந்த ஒருவனைத் தண்ணீர்ப் போத்தலால் அடித்திருந்தேன்.

வீட்டிலும் யாருக்கும் தெரியவில்லை. போனில் பொருள் தேடும் வழக்கம் அப்போது எங்களுக்கு வந்திருக்கவில்லை. சாச்சா வரட்டும் என்றார் வாப்பா. வாப்பாவின் தம்பியான அவர், பிஸ்கட் கம்பனி ஒன்றுக்காகப் பாலாவியிலிருந்து கற்பிட்டி வரை கடை கடையாய் ஏறி இறங்குபவர். அவர் வரும்வரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் கிணற்றடிக்குமாக நடந்தேன்.

சாச்சா அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். அவருடைய மனேஜர் கூட்டம் வைக்கும்போதெல்லாம் எல்லாரையும் அக்ரெசிவாக இருக்கச் சொல்கிறாராம். அப்படி இருப்பவனுக்குத்தான் மோட்டார் சைக்கிளாம். வாப்பா பெருமையோடு கையெழுத்துப் போட்டார். மாலைக்குள் எங்கள் ஒழுங்கை வீடுகள் எல்லாவற்றுக்கும் செய்தி போய்விட்டது. எனக்குப் பயம் இன்னும் கூடியது.

உம்மா மட்டும் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை பள்ளி விடும் நேரத்துக்கு வந்து டீச்சரிடமே கேட்டார். டீச்சர் பதமாகத்தான் விளங்கப்படுத்தினார்: எடுத்ததற்கெல்லாம் பாய்ந்து அடிக்கிற பிள்ளை என்று அர்த்தமாம். கம்பனிக்காரர்கள் அதையே பாராட்டாகவும் சொல்வார்களாம்.

திரும்பி வரும்போது, உப்பளத்து ஓரப் பாதையில் உம்மா கேட்டார்.

"என்னத்துக்கு அடிச்ச?"

"உங்கட ஊருக்கு எப்ப போகப்போறீங்க எண்டு கேக்கிறான் உம்மா. ஒவ்வொரு நாளும் கேக்கிறான்."

"நீ என்ன சொன்ன?"

"இதுதான் எங்கட ஊர் எண்டன். சிரிச்சான்."

வாப்பாவும் உம்மாவும் சின்ன வயதில், போர்க்காலத்தில், மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்கள். நான் பிறந்தது புத்தளத்தில். உம்மா வேகமாக நடக்கத் தொடங்கினார். நான் ஓடி ஓடித்தான் கூடப் போனேன். வீட்டில் அடி நிச்சயம் என்று நினைத்தேன்.

முற்றத்தில் வாப்பா, எங்கள் ஓலைக் குடிலுக்குப் பக்கத்தில் கட்டப்போகும் கல்வீட்டுக்காகக் கயிறு பிடித்து முளை அடித்துக்கொண்டிருந்தார். டீச்சர் என்ன சொன்னார் என்று நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"உங்கட தம்பி சொன்னதுதான்," என்றார் உம்மா. "கெட்டிக்காரி எண்டு எழுதியிருக்காங்க."

வாப்பா சிரித்தபடி அடுத்த முளையை எடுத்தார். அடியிலிருந்து தப்பிவிட்ட சந்தோஷத்தில் நான் உள்ளே ஓடினேன். அந்தப் பொய் எனக்காக அல்ல, முளை அடித்துக்கொண்டிருந்த வாப்பாவுக்காகச் சொல்லப்பட்டது என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.