மூன்றாவது மெட்டுக்கு ஒரு சீவாளி

கத்தி நாணல் துண்டின் மேல் நகர்ந்தது. ஓர் இழுப்பு, ஒரு நிறுத்தம். இடது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அந்தத் துண்டைப் பிடித்திருந்தன. பிடித்திருக்கின்றனவா என்பதைக் கண்தான் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. சீவிய தூள் மேசையில் விரித்திருந்த பழைய நாள்காட்டித் தாளில் விழுந்தது. பத்து இழுப்புக்கு ஒரு தடவை கைகள் அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கின. நுனிப் பக்கம் தேன் நிறத்தில் வெளிச்சம் ஊடுருவ வேண்டும், அடிப் பக்கம் இருட்டாகவே இருக்க வேண்டும். இடது ஓரம் இன்னும் கொஞ்சம் தடிப்பு. அதைக் கண்டுபிடித்தது விரல் இல்லை. கைகள் துண்டைக் கீழுதட்டில் வைத்து மெதுவாக இழுத்தன; உதடு சொன்னது.

"விரல்ல ரத்தங்க" என்றாள் சவுந்தரம், அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து.

செபாஸ்டியன் பார்த்தார். ஆள்காட்டி விரலின் பக்கத்தில் ஒரு கீறல். நாணலில் படவில்லை.

"வலிக்கல."

"வலிக்காதுன்னு எனக்கும் தெரியும். தொடைங்கன்னு சொல்றேன்."

துடைத்துக்கொண்டு மறுபடி கத்தியை எடுத்தார். நாளை சனிக்கிழமை அவர்களுடைய ஒரே மகள் பெவர்லிக்குக் கல்யாணம்.

செபாஸ்டியனுக்கு வயது அறுபத்து மூன்று. பினாங்குத் தீவில், ஜெலுத்தோங்கில் ஏழாவது மாடி ஃபிளாட். அயர்லாந்துக் குழல் வாசிப்பவர். போலீஸ் பேண்டில் வாயால் ஊதிக்கொண்டே நடப்பார்களே, அது வேறு. இதை உட்கார்ந்துதான் வாசிக்க முடியும். வலது முழங்கைக்கு அடியில் கொல்லன் பட்டறையில் இருப்பதுபோல ஒரு சின்னத் துருத்தி, இடது முழங்கைக்கு அடியில் ஒரு தோல்பை. துருத்தி பைக்குக் காற்றுத் தரும், பை குழலுக்குக் காற்றுத் தரும். மடியில் மூன்று சுருதிக் குழல்கள் படுத்திருக்கும். "வாயில ஊதாம எப்படிலா சத்தம் வருது?" என்று இத்தனை வருஷத்தில் ஆயிரம் பேராவது கேட்டிருப்பார்கள். ஆயிரம் பேருக்கும் துருத்தியைக் காட்டியிருக்கிறார். சத்தம் பிறக்கும் இடத்தில் இருக்கிற அந்த இரட்டை நாணலை நாதஸ்வரக்காரர்கள் சீவாளி என்பார்கள். அவரும் அப்படித்தான் சொல்வார்.

அவருடைய அப்பா கிறிஸ்தவ பிரதர்கள் நடத்திய ஒரு பள்ளிக்கூடத்தில் தோட்டக்காரர். எண்பத்து மூன்றாம் வருஷம் அயர்லாந்துக்குத் திரும்பிப் போன பிரதர் டெக்லன், சாமான்களைக் கட்டும்போது ஒரு மரப்பெட்டியை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே கிழிந்த பை, எலி கடித்த துருத்தி, விரிசல் இல்லாத ஒரு குழல், இரண்டு கேசட். அப்போது செபாஸ்டியன் கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் ஒரு கப்பல் ஏஜண்டு ஆபீசில் கிளார்க்கு. வயது இருபத்திரண்டு. பையைப் புதுத் தோலில் தைத்து மெழுகு காய்ச்சி ஊற்றினார். சூலியா தெருவில் ஹைதரின் இரும்புச் சாமான் கடையில் பித்தளைக் குழாய் வாங்கி அறுத்தார். சீவாளியை மூங்கிலில் செய்து பார்த்தார், கத்தியது. பிரம்பில் செய்து பார்த்தார், கத்தக்கூட இல்லை. கடைசியில் வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதி நாணல் வரவழைத்து, பினாங்கு ஈரம் ஏறாமல் அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தார். முதல் சீவாளி ஒழுங்காகப் பேச இரண்டு வருஷம் ஆனது.

வீட்டில் வாசித்தால் அக்கம்பக்கம் சும்மா இருக்காது. அதனால் ஆபீஸ் போக வர ஃபெரியில் பழகினார். பழைய ஃபெரியின் கீழ்த்தட்டில், கார்களுக்கு நடுவே, உயிர்காப்புச் சட்டைகள் வைக்கிற பெட்டி மேல் உட்காருவார். இன்ஜின் சத்தம் பாதியை விழுங்கிவிடும். மீதிப் பாதியைக் கேட்ட ஃபெரிக்காரர்கள், ஆடு கத்துகிறது என்று, அவருக்கு ஆட்டுக்கார செபா என்று பேர் வைத்தார்கள். ஐந்து வருஷம் கழித்து புக்கிட் மெர்த்தாஜாம் புனித அன்னம்மாள் கோயில் திருவிழாவில் முதல் தடவை வெளியே வாசித்தார். பிறகு மார்ச் மாதம் ஓட்டல்களில் ஐரிஷ் திருநாள், வெள்ளைக்காரர் கல்யாணங்கள், நம்மவர் அடக்கங்கள். இதை வைத்துப் பிழைக்க முடியாது என்று அவருக்குத் தெரியும், ஓய்வு பெறும்வரை ஆபீசை விடவில்லை. இதையும் விடவில்லை.

ஆனால் கேசட்டு காதுக்குத்தான் சொல்லும், கண்ணுக்கு ஒன்றும் காட்டாது. குழல் வாசிக்கும் ஒரு ஆளை அவர் பதினைந்து வருஷம் பார்த்ததே இல்லை. புல்லாங்குழல்போல நினைத்து, துளைகளை விரல் நுனியால் மூடினார். தொண்ணூற்றெட்டில் ஓட்டலுக்கு வந்த ஒரு ஐரிஷ் கிழவர், வாசிப்பு முடிந்ததும் கிட்டே வந்து அவர் கையைப் புரட்டிப் பார்த்தார். இப்படிப் பிடிக்க யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். விரலை மடக்காமல் தட்டையாக வைத்து, நடுக்கணுவால் மூட வேண்டும் என்று காட்டினார். செபாஸ்டியன் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து சவுந்தரத்திடம், "சத்தம் சரியா வருதா இல்லையா?" என்று கேட்டார். வருகிறது என்றாள். மாற்றவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் காலில் மரத்துப்போக ஆரம்பித்தது. ஒரு நாள் ஃபெரி இறங்குதுறையில் ஒரு செருப்பு கழன்று போனது தெரியாமல் வீடு வரைக்கும் வந்துவிட்டார். வயசு என்று விட்டுவிட்டார். போன டிசம்பரில் ஹைதர் கடையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, ஹைதர் அவர் கையையே பார்த்தார்.

"அண்ணே, அந்தக் கிளாஸ் இப்பத்தான் வந்துச்சு. கையில புடிச்சிக்கிட்டுக் கத பேசுறீங்க. சுடலையா?"

"இல்லையே."

"இங்க கொண்டாங்க." ஹைதர் வாங்கினார். வாங்கின வேகத்தில் மேசையில் வைத்துவிட்டு விரலை ஊதினார். "யா அல்லா! செபா அண்ணே, நீங்க சித்தரா இருக்கணும், இல்லாட்டி ஒடம்புல சக்கர ஏறியிருக்கணும். சித்தர் மாதிரி தெரியல. கிளினிக் போங்கலா."

போனார். கண்ணை மூடச் சொல்லி, டாக்டர் ஒரு நைலான் நரம்பால் விரல்களைத் தொட்டார். பட்டால் ஆமாம் என்று சொல்ல வேண்டும். பத்து நுனிகளுக்கு மூன்று தடவை ஆமாம் சொன்னார். அதில் ஒன்று ஊகம். நடுக்கணுக்களில் மட்டும் நன்றாகத் தெரிந்தது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். செபாஸ்டியன் மாத்திரைகளை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். வருத்தமாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். எதுவும் வரவில்லை. கொம்தார் பஸ் நிறுத்தத்தில் இறங்கி, சவுந்தரம் கேட்ட மீனை வாங்கிக்கொண்டு போனார். வீட்டில் மாத்திரையைப் பற்றி மட்டும் சொன்னார், விரலைப் பற்றிச் சொல்லவில்லை.

கல்யாணத்துக்குப் பெவர்லி வேறொன்றும் கேட்கவில்லை. கோயில் வாசலிலிருந்து பீடம்வரை அவள் நடந்து வரும்போது டாடி மூன்றாவது மெட்டை வாசிக்க வேண்டும். இரண்டாவது கேசட்டின் பின்பக்கத்தில் மூன்றாவதாக வருவது. பேர் யாருக்கும் தெரியாது. அவள் குழந்தையாக இருந்தபோது அதைக் கேட்டால்தான் தூங்குவாள். அப்பா வாசிப்பதால், அம்மா கையைப் பிடித்து நடப்பதாக ஏற்பாடு.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு புதன்கிழமை சாயங்காலம் கோயிலில் ஒத்திகை பார்த்தார்கள். அந்த மெட்டில் ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு மௌனம் உண்டு. எல்லாத் துளைகளையும் மூடிக் குழலின் அடியை முழங்காலில் அழுத்தினால் சத்தம் அறுந்து நிற்கும். ஒரு எட்டு எடுத்து வைக்கிற நேரம். பெவர்லி நடந்து வந்தாள். முதல் வரி நன்றாக வந்தது. மௌனம் வரவேண்டிய இடத்தில் கீச்சென்று ஒரு சத்தம்.

பெவர்லி நின்றாள். "யார் ஃபோனு?"

"உங்கப்பாதான்" என்றாள் சவுந்தரம்.

மறுபடி வாசித்தார். மறுபடி கீச். எந்த விரல் சரியாக மூடவில்லை என்று அவருக்குத் தெரியவில்லை. குழலை மடியில் வைத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்தபடியே கிளினிக்கில் நடந்ததைச் சொன்னார். பஸ் அட்டவணையைப் படிப்பதுபோலச் சொன்னார்.

"ஏன் டாடி எங்ககிட்ட சொல்லல?"

"சொன்னா விரல் கேக்கவா போகுது?"

"யாருக்கும் தெரியாது டாடி. அப்படியே வாசிங்க."

"ஆட்டு வால மிதிச்ச மாதிரி இருக்கு, தெரியாதாம்" என்றாள் சவுந்தரம். சொல்லிவிட்டுக் கர்ச்சீப்பை எடுத்து மூக்கைத் துடைத்தாள்.

பெவர்லி அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீங்க வாசிச்சா நடப்பேன். இல்லாட்டி ஒண்ணும் வேணாம். ஆர்கனும் வேணாம். சும்மா நடந்து வர்றேன்."

அடுத்த நாள் காலையில் செபாஸ்டியன் அடுப்புக் கரியைப் பொடித்து ஒவ்வொரு துளையைச் சுற்றிலும் தடவினார். குழலைப் பிடித்து, விரல்களை எடுத்து, திருப்பிப் பார்த்தார். சரியாக மூடிய விரலில் கறுப்பு வளையம் முழுசாக இருக்கும். இடது மோதிர விரலில் பாதி வளையம். வலது சுண்டுவிரலில் கோடு மட்டும். கண்டுபிடித்தாகிவிட்டது. இருபத்தாறு வருஷத்துக்கு முன் அந்தக் கிழவர் காட்டியபடி விரல்களைத் தட்டையாக வைத்தார். நடுக்கணுவுக்கு இன்னும் உணர்ச்சி இருந்தது. துளையின் விளிம்பு தெரிந்தது. மௌனம் வந்தது.

ஆனால் மெட்டு வரவில்லை. நாற்பது வருஷம் நுனியில் ஓடிய விரல்கள், மூன்றாவது வரிக்குள் தானாக மடங்கிக்கொண்டன. தினம் காலையில் இரண்டு மணி நேரம், மத்தியானம் இரண்டு மணி நேரம். விரலைப் பார்த்துக்கொண்டே, ஆமை வேகத்தில் வாசித்தால் வந்தது. ஆள் நடக்கிற வேகத்துக்குக் கொண்டு வந்தால் மடங்கியது. சவுந்தரம் வெங்காயம் உரித்துக்கொண்டே கணக்கு வைத்தாள்.

"பன்னெண்டு தடவையில மூணு தடவ கீச்சு."

"நாலு" என்றார் அவர்.

போன ஞாயிற்றுக்கிழமை டேரனைக் கூப்பிட்டார். பினாங்கில் அயர்லாந்துக் குழல் வைத்திருக்கிற இன்னொரு ஆள் அவன்தான். செபராங் ஜெயாவில் வங்கி அதிகாரி, நாற்பது வயது, ஒரு பழைய காரின் விலைக்கு இணையத்தில் வாங்கிய குழல். இரண்டு தடவை கேட்டிருக்கிறார். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன்போல வாசிப்பான். அவன் சீவாளி ஏர்கான் அறையை விட்டு வெளியே வந்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். இதையெல்லாம் அவர் அவன் முகத்துக்கு நேரே சொல்லியும் இருக்கிறார்.

"அங்கிள், நீங்களா கூப்பிடுறீங்க?" என்றான் டேரன்.

விஷயத்தைச் சொன்னார்.

"என் சீவாளி கோயில்ல நிக்காதே அங்கிள்."

"நிக்காது. அது ஏர்கான்ல பொறந்த புள்ள. நான் புதுசு சீவித் தர்றேன். உன் கொழல மட்டும் நாளைக்கே கொண்டாந்து வீட்டுல வச்சிட்டுப் போ. இந்தக் காத்து பழகட்டும்."

மகளிடம் சொல்வதுதான் பாக்கி. ஃபோனில் சொன்னார்.

"வேற ஆள் வேணாம்னு சொன்னேன்ல டாடி."

"நான் வாசிச்சா விரலயே பாத்துக்கிட்டு இருக்கணும். நீ நடந்து வர்றத எப்பப் பாக்கிறது?"

அந்த வார்த்தை எவ்வளவு உண்மை என்று அவருக்கே தெரியவில்லை. வாயில் வந்தது, சொன்னார். "அப்ப நீங்கதான் என்னக் கூட்டிக்கிட்டு நடக்கணும்" என்றாள் பெவர்லி.

"சரி."

பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த சவுந்தரம், "அப்ப எனக்கு லீவு. முட்டி வலியோட அவ்வளவு தூரம் நான் எப்படிலா நடக்கிறதுன்னு பயந்துகிட்டே இருந்தேன்" என்றாள். அன்று சாயங்காலம் முழுக்க அவள் அவரைத் தனியாக விடாமல் ஏதாவது பேசிக்கொண்டே இருந்தாள்.

ஆக, இந்த வெள்ளிக்கிழமை அவர் சீவிக்கொண்டிருந்தது டேரனின் குழலுக்கு. இரண்டு பாதி நாணலையும் பித்தளைக் குழாயில் பொருத்தி, மெழுகு தேய்த்த நூலால் கட்டியிருந்தார். முடிச்சு இறுகியதா என்று பல்லால் இழுத்துப் பார்த்தார். காற்றாடி மட்டும் ஓடியது, கோயிலிலும் காற்றாடிதான்.

மூன்று மணிக்கு டேரன் வந்தான். பையையும் துருத்தியையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். செபாஸ்டியன் சீவாளியைக் குழலில் செருகிக் கொடுத்தார். டேரன் மூன்றாவது மெட்டை ஆரம்பித்தான். அவருடைய பழைய பதிவை ஃபோனில் கேட்டுப் பழகியிருந்தான்.

"மெதுவா. பஸ்ஸு போயிடாது."

மெதுவாக்கினான். முதல் வரி முடிந்தது. விரல்கள் தட்டையாக விழுந்தன. மௌனம் வந்தது. கீழே யாரோ மோட்டார் சைக்கிளை முடுக்கும் சத்தம் அந்த மௌனத்துக்குள் கேட்டது. செபாஸ்டியன் அவன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்படிப் புடிக்க ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"யூடியூப் அங்கிள்."

சவுந்தரம் சிரித்துவிட்டாள். செபாஸ்டியன் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "மேல் சுரம் கொஞ்சம் தட்டுது, எடு" என்றார். டேரன் சீவாளியைப் பிடுங்கிக் கொடுத்தான். இடது ஓரத்தில் இரண்டு இழுப்பு. உதட்டில் வைத்துப் பார்த்தார். இன்னும் ஒரு இழுப்பு. வாயில் வைத்து ஊதினார். காக்கை மாதிரி, ஆனால் ஒரே சீராகக் கரைந்தது. போதும்.

சின்னக் கண்ணாடிப் புட்டியில் பஞ்சை வைத்து அதைப் படுக்க வைத்தார்.

"காடிய ஓட்டிக்கிட்டு வர்றப்ப ஏர்கான் போடாத. கண்ணாடிய எறக்கிட்டு வா. கோயிலுக்கு முக்கா மணி நேரம் முன்னாடியே போயி, புட்டியத் தொறந்து வச்சிடு. அவ வாசல்ல வந்து நின்னப்புறந்தான் பையில காத்து ஏத்தணும். அவசரப்படாத."

"சரி அங்கிள்."

செபாஸ்டியன் புட்டியை எடுத்தார். விரல்கள் அதைப் பிடித்திருப்பதைப் பார்த்து உறுதி செய்துகொண்டு நீட்டினார். டேரன் எழுந்து நின்று, இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான்.